சகலை வீட்டுக் கம்ப்யூட்டர்

புதுப் பெட்டியின் முதுகில் பழைய மானிட்டரின் வயரைச் செருக ஓட்டையே இல்லை. சர்வேயர் மேஜைக்கு அடியில் மண்டி போட்டு, மூக்குக் கண்ணாடி நழுவி விழுகிற அளவுக்குக் குனிந்து தேடிவிட்டார். இல்லவே இல்லை. சாயங்காலம் சகலை வருகிறார்.

"என்னங்க, வயரு சேரலையா?" என்றாள் மனைவி.

"சேரும். நீ உன் வேலையப் பாரு."

"பழசு நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு."

"உங்க அக்கா வீட்டுல பாத்தியா? கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீலமும் செவப்புமா லைட்டு. பட்டனை அமுக்கிட்டுக் கையை எடுக்கறதுக்குள்ள திரை வந்து நிக்குது."

"வந்து நின்னா? நீங்க சீட்டு விளையாடறதுக்கு அது பறந்து வரணுமா?"

சர்வேயர் மறுபடி மேஜைக்கு அடியில் குனிந்தார். இந்த வயிற்றெரிச்சல் இன்று நேற்று வந்ததில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் தெரிந்த காலத்திலேயே சகலை வீட்டில்தான் முதல் கம்ப்யூட்டர் வந்தது. சர்வேயருக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. சகலை சொன்ன அதே கடைக்கு ஓடி, அதே மாதிரிப் பெட்டியைத் தூக்கி வந்தார். அதற்குத் தைத்த துணி உறை அழுக்காவதற்குள் அங்கே கலர் மானிட்டர். இவரும் வாங்கினார். அங்கே சிடி போடுகிற பெட்டி. அதையும் வாங்கினார். தொப்பை வைத்த மானிட்டர் போய்த் தட்டை மானிட்டர் வந்தது. பீரோ நிறைய பிளாப்பி அடுக்கினாலும் கொள்ளாத சமாச்சாரம் இப்போது விரல் நகத்தளவு சில்லுக்குள் அடங்குகிறதாம். சர்வேயரின் பொறாமைதான் எதற்குள்ளும் அடங்கவில்லை. எப்போது போனாலும் சகலை வீட்டில் அடுத்த மாடல் உட்கார்ந்திருக்கும்.

"இன்னும் அதையேவா வெச்சிருக்கீங்க சகலை?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புதான் தாங்காது. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவையாவது அந்த மனுஷன் வாயால், 'என்னுதைவிட உங்களுது ஒசத்தி' என்று கேட்டுவிட வேண்டும். சர்வேயருக்கு வேறு ஆசை கிடையாது.

வழக்கமான அதே கடைக்கு ஓடி, வயரை மாற்றிக் கொடுக்கும் குட்டிச் சாமான் ஒன்று வாங்கி வந்தார். படம் வந்தது, ஆனால் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி வந்தது. திரும்ப ஓடிப் புது மானிட்டரே வாங்கி வந்தார். அது மேஜையைவிட நீளமாக இருந்தது. மேஜையின் பக்கப் பலகையைக் கழற்றினார். கீபோர்டு வைக்கிற தட்டு கழன்று காலில் விழுந்தது.

"ரத்தம் வருதுங்க."

"வரட்டும். ஒரு எக்ஸ்டென்ஷன் வயரு எடு."

வயரை இழுத்து ஃப்ரிட்ஜ் பிளக்கில் சேர்த்தார். பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. சர்வேயர் முகமும் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் ஒரு உறுமல் உறுமியது. வீடு மொத்தமும் அணைந்தது.

ஃபியூஸ் போயிருந்தது. இனிமேல் போகவே கூடாது என்று ஆத்திரத்தோடு தடிக் கம்பியாகப் பார்த்து முறுக்கினார். இந்தத் தடவை ஃபியூஸ் போகவில்லை, பிளக்கே கருகிப் புகைந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடி மெயினை அணைத்தார்.

வாசலில் சகலையின் குரல். "என்ன சகலை, வீட்டையே இருட்டாக்கி வெச்சிருக்கீங்க? பழைய கம்ப்யூட்டர் தெரியக் கூடாதுன்னா?"

சர்வேயருக்குத் திகுதிகுவென்று எரிந்தது. மானத்தை விட்டுக் கடைக்காரருக்கே போன் போட்டார். பழகிய மனுஷன், டார்ச்சும் பையுமாக உடனே வந்தார். ஃபியூஸை ஒழுங்காகப் போட்டு, கருகிய பிளக்கை மாற்றி, ஃப்ரிட்ஜை வேறு பிளக்குக்கு நகர்த்தி, பட்டனை அமுக்கினார்.

திரை பளிச்சென்று வந்தது.

சகலை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். மானிட்டரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கண்ணால் அளந்தார். சர்வேயர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒத்துக்கறேன் சகலை," என்றார் அவர். "என்னுதைவிட உங்களுது ஒசத்திதான்."

அப்பாடா. இத்தனை வருஷத்து எரிச்சலும் அடிவயிறு வரை சில்லென்று தணிந்தது. காலில் பட்ட அடிகூட வலிக்கவில்லை. சர்வேயர் நொண்டிக்கொண்டே சமையலறைக்கு ஓடினார்.

"கேட்டியா? அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இனிமே எனக்கு யார் மேலயும் பொறாமை இல்ல. காபி போடு, அவருக்குச் சக்கரை தூக்கலாப் போடு."

"மெதுவாப் பேசுங்க, கூடத்துல கேக்கப்போவுது," என்றாள் மனைவி.

சர்வேயர் வாயை மூடினார். அப்போதுதான், பையை மூடிக்கொண்டே சகலையிடம் கடைக்காரர் சொல்வது கூடத்திலிருந்து கேட்டது.

"அப்ப நாளைக்கு வண்டி அனுப்பி, உங்க வீட்டுல வெச்சிருக்கற சாம்பிள் பெட்டியை எடுத்துக்கறேன் சார், கமிஷன் எப்பவும் போலத்தான், அடுத்த மாடல் வந்ததும் கொண்டாந்து வெக்கறேன்."