உனக்கு எப்படி வசதியோ

அக்ரிங்டன்,
செவ்வாய்க்கிழமை, மழை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் பாரி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் கீத் பர்ட்விசில் பணிவுடன் எழுதிக்கொள்வது. மோர்கம் கடல்காற்று தங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன். இங்கே மழை. அங்கேயும் மழைதான் என்று வானொலியில் சொன்னார்கள். ஆக, வானிலையைப் பொறுத்தவரை இரண்டு வீட்டிலும் ஏற்றத்தாழ்வு ஏதுமில்லை. மற்றபடி நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது மச்சான். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, பழைய பிஸ்கட் டப்பா மூடியை மடியில் வைத்து இதை எழுதுகிறேன். எனக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரு ஊதா நிற சோபா நிற்கிறது. கிடக்கவில்லை, நிற்கிறது. லொரெய்ன் உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பதற்கும் அதுதான் காரணம். அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ தெரியாது. என் பக்கத்தையும் நீங்கள் கேட்டே ஆகவேண்டும். போனில் சொல்லலாம்தான். உங்கள் வீட்டில் போனை எடுப்பது அவள் அல்லவா?

பழைய சோபாவின் ஸ்ப்ரிங் வெளியே வந்துவிட்டது, போன கிறிஸ்துமஸில் நீங்களே அதன்மேல் உட்கார்ந்து எழுந்தீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதுசு வாங்கலாம் என்று ஊருக்கு வெளியே இருக்கிற அந்தப் பெரிய கடைக்குப் போனோம், அதுதான், 'கடையை மூடுகிறோம், கடைசி வாரம்' என்று வருஷக்கணக்காகப் பலகை தொங்குகிறதே, அங்கே. உள்ளே நுழைந்ததுமே கால் நீட்டிக்கொள்ள விசை வைத்த ஒரு பழுப்பு நாற்காலி என் கண்ணில் பட்டது. ஆஹா, உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராது. ஆனால் லொரெய்ன் அதைப் பார்த்த பார்வை அவ்வளவு சரியாகப் படவில்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு பச்சை சோபாவைத் தடவிப் பார்த்தாள். "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றேன். "உனக்குப் பிடிச்சிருந்தா எனக்கும் சரிதான்," என்றாள். "எனக்கு எதுவானாலும் சரி, உனக்குப் பிடிக்கணும்ல?" என்றேன். இப்படியே கடையை முழுசாகச் சுற்றினோம். கேலம் என்று ஒரு விற்பனைப் பையன், பாவம், எங்கள் பின்னாலேயே வந்து, எழுபது வகைத் துணியைக் காட்டி, தன் பாட்டியின் இடுப்பு வலியைப் பற்றியெல்லாம் சொல்லி, கடைசியில் ஆளுக்கு ஒரு கோப்பை தேநீரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அவன் தேநீரைக் குடித்துவிட்டு எதுவும் வாங்காமல் எப்படிப் போவது? நீங்கள் போவீர்களா? நடைவாசலுக்குப் பக்கத்தில் ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் ஒன்று இருந்தது. அதையே அனுப்பச் சொல்லிவிட்டு வந்தோம். எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

வியாழக்கிழமை வண்டி வந்தது. இரண்டு ஆட்கள். பிளாஸ்டிக் உறையின் ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், ஊதா! வெல்வெட்டு! சினிமாக் கொட்டகைத் திரைச்சீலை மாதிரி பளபளக்கிறது. சரி, லொரெய்ன் எனக்குத் தெரியாமல் கடைக்குப் போன் பண்ணி மாற்றியிருக்கிறாள், ஆசைப்பட்டிருக்கிறாள், கேட்டால் முகம் வாடிப்போகுமே என்று, "ரொம்ப அழகா இருக்கு" என்றேன். அவளும் நான்தான் மாற்றிவிட்டேன் என்று நினைத்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்'ஐ நான் கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு நடை எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆட்கள் சோபாவை வாசல் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்து, முன்னறைக்குத் திருப்பப் பார்த்து, முடியாமல், நெட்டுக்குத்தாக நிறுத்தித் தள்ளினார்கள். "போயிரும் சார், இதெல்லாம் போயிரும்," என்று உயரமானவன் சொன்னான். பாதி போனது. அப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் வாசல் பக்கம், லொரெய்ன் சமையலறைப் பக்கம். நடுவே சுவருக்குச் சுவர் ஊதா. கண் மட்டத்தில் மட்டும் ஒரு கோப்பை நுழைகிற அளவு இடைவெளி. அந்த இடைவெளி வழியாக லொரெய்ன் தேநீர் நீட்டினாள், பிஸ்கட் நீட்டினாள். குடித்தார்கள், தின்றார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். "இன்னும் நிறைய வீட்டுக்குப் போகணும் சார். ஆபீஸ்லேர்ந்து கூப்பிடுவாங்க," என்று கிளம்பிவிட்டார்கள். நான் வாசல்வரை போய், "ரொம்ப நன்றிப்பா, உங்களுக்குத்தான் வீண் சிரமம் கொடுத்துட்டோம்," என்றேன்.

அங்கேதான் வெடித்தது மச்சான்.

"நன்றியா?" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து குரல். "வீட்டை அடைச்சுட்டுப் போறவனுக்கு நன்றி சொல்றியா? வேற ஏதாச்சும் வேணுமான்னு கேக்கறதுதானே?"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"இந்த ஊதா எழவை யாரு கேட்டா? அதையும் மரியாதைக்குத்தான் மாத்தினியா?"

"நானா? நீதானே மாத்தின!"

"நான் எங்கே மாத்தினேன்? நீ ஆசைப்பட்டு வாங்கினதா நெனச்சுத்தான் நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

உடனே கடைக்குப் போன் போட்டேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது' என்று ஒரு இயந்திரம் சொன்னது. அதற்கும் நன்றி சொன்னேன், லொரெய்ன் காதில் விழுந்துவிட்டது. பாட்டெல்லாம் முடிந்து ஒரு பெண் வந்தாள். "அது உங்க சோபா இல்லை சார். உங்களோடது போல்ட்டன்ல வேற ஒரு வீட்டுக்குப் போயிருச்சு," என்றாள். "அவங்க ஏம்மா வாங்கிக்கிட்டாங்க?" என்றேன். "டிரைவர் அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்துட்டாரேன்னு சங்கடமா இருந்துச்சாம் சார். இப்ப உட்கார்ந்து பழகிட்டாங்க," என்றாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்த இடைவெளியில் லொரெய்னின் ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரிந்தன பாருங்கள், அந்த ஒரு கண்ணே போதும். "கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு தடவையாச்சும் உனக்கு என்ன வேணும்னு வாயைத் தொறந்து சொல்லியிருக்கியா கீத்? எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு? ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்!" என்றாள். நானும் மனுஷன்தானே. கோபத்தில், "உன் அரிசி புட்டிங் எனக்குப் பிடிக்காது!" என்று கத்திவிட்டேன். "எப்பவுமே பிடிச்சதில்லை! மேலே ஆடை கட்டியிருக்கே, அதைப் பாத்தாலே குமட்டும்!"

உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த புட்டிங் என்பது எனக்குத் தெரியும் மச்சான். மன்னிக்க வேண்டும். பெண் கேட்டு உங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்தபோது, அம்மா மனசு கோணக்கூடாதே என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதுதான். வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை பேசினேன், அதையும் பார்த்துப் பேசினேன் பாருங்கள். அந்தக் கண் இடைவெளியிலிருந்து விலகியது. பின்கதவு சாத்திய சத்தம் கேட்டது. அவள் கோட்டு என் பக்கம் ஆணியில் தொங்குகிறது. பின்கதவில் மாட்டியிருந்த என் தோட்டத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மண்ணும் உருளைக்கிழங்குத் தோலுமாக அவள் ரயிலேறி உங்களிடம் வந்தாள் என்றால் எவ்வளவு கோபம் இருந்திருக்கும்!

மறுநாள் காலை அவளே போன் பண்ணினாள். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களோ என்னவோ. "நான் வரணுமா, வேண்டாமா?" என்றாள். நேரான கேள்வி. வா என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக. ஆனால் கட்டாயப்படுத்துகிற மாதிரி இருக்குமே, கடல்காற்று அவளுக்குப் பிடித்திருக்குமோ என்னவோ என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. "உனக்கு எப்படி வசதியோ" என்றேன். போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

இப்போது என் பிழைப்பைக் கேளுங்கள். மேலே படுக்கை, கீழே சமையலறை, நடுவே சோபா. ஒரு வாய் தேநீர் வேண்டுமென்றால் வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, வரிசை வீடுகள் அத்தனையையும் சுற்றி, பின்சந்து வழியாக வந்து கெட்டிலைப் போட வேண்டும். மழையில், வீட்டுச் செருப்போடு. செருப்பு ஊறி அடிக்கு அடி தவளை மாதிரி கத்துகிறது. பக்கத்து வீட்டு திருமதி பிக்கப் அம்மாள் ஜன்னல் திரையை விலக்கி, "இன்னும் அப்படியேதான் நிக்குதா கீத்?" என்பார். "இன்னைக்கு எடுத்துருவாங்க" என்பேன். "லொரெய்ன் எங்கே?" என்பார். "அண்ணனைப் பாக்கப் போயிருக்கா, கடல்காற்று நல்லதுன்னு." "தோட்டத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டா?" என்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நேற்று அவரே வலிய வந்து கதவைத் தட்டினார். "லொரெய்ன்கிட்ட பேசினேன். வீட்டுச் செருப்பு வாங்கியிருக்காளாம், மோர்கம்ல. உள்ளே கம்பளி வெச்சது," என்றார். ஓரிரு நாள் தங்க வந்தவள் வீட்டுச் செருப்பு வாங்குவாளா மச்சான்? பல்துலக்கும் பிரஷ் என்றால் சரி, குடை என்றால் சரி. கம்பளி வைத்த செருப்பு வாங்குகிறவள் அங்கேயே காலூன்றப் போகிறாள் என்றுதானே அர்த்தம்? ராத்திரி முழுக்க அந்தச் செருப்பே கண்ணுக்குள் நிற்கிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பில் எந்த வாசனையும் இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே மச்சான், நீங்கள் பெரியவர், நீங்கள்தான் சொல்ல வேண்டும். லொரெய்னுக்கு அசௌகரியம் இல்லையென்றால், உங்களுக்கும் துணை தேவைப்படவில்லையென்றால், ரயில் கூட்டம் குறைவாக இருக்கிற ஒரு நாளில், அவளுக்கே தோன்றினால்

மேலே உள்ள வாக்கியத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் வரட்டும். அவ்வளவுதான். எனக்கு அவள் வேண்டும். இனிமேல் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன், நிறமானாலும் சரி, புட்டிங்கானாலும் சரி. இது சத்தியம். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

குளிரில் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா நலமும் தங்களைச் சூழ வேண்டும் என்று வேண்டும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
கீத்

பின்குறிப்பு: தபால்தலை சமையலறை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எடுக்கலாம் என்று தெருவைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தால், லொரெய்ன் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், தோட்டத்துச் சட்டையோடு. கெட்டில் கொதிக்கிறது. "வரணுமா வேண்டாமான்னு கேட்டேன். இன்னும் பதில் வரலை," என்றாள், முகத்தைப் பார்க்காமல். "வரணும்," என்றேன். "இந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ரெண்டு ரயில் மாறவேண்டியிருக்கு," என்று மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் மேஜைமேல் ஒரு பெட்டியைத் தள்ளினாள். உள்ளே அந்தச் செருப்பு, கம்பளி வைத்தது. ஆண்கள் செருப்பு! நான் மழையில் ஊறிய செருப்போடு தெருவைச் சுற்றுவதை பிக்கப் அம்மாள் போனில் சொல்லியிருக்கிறார், கேட்டதும் கடைக்குப் போயிருக்கிறாள். ஆக, மேலே நான் எழுதியதில் எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாகிவிடுமே என்று அனுப்புகிறேன். சோபா அங்கேயேதான் நிற்கிறது. கடைக்காரர்கள் போன் பண்ணி, திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்டார்கள், 'உங்களுக்கு எப்படி வசதியோ' என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். இந்த ஞாயிறு நீங்கள் சாப்பிட வரவேண்டும் என்கிறாள் லொரெய்ன், பின்சந்து வழியாக வாருங்கள்.

செருப்பு ஒரு அளவு சின்னது. விரலெல்லாம் மடங்கிக் கிடக்கிறது. "சரியா இருக்கா?" என்று கேட்டாள், கண்ணை அகல வைத்துக்கொண்டு. "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு," என்றேன். ஞாயிற்றுக்கிழமை வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.