உமா மாமாவின் வேனில் ஓயாத சிவப்பும் நீலமும்

வெள்ளவத்தை.

பேரன்புக்கும் பன்னிரண்டு வோல்ட்டுக்கும் உரிய உமாசுதன் மாமா அவர்கட்கு,

மருமகன் தனஞ்சயன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், உங்கள் வேன் ஆகிய நால்வரும் நலம். நோர்வேயில் நீங்களும் உங்கள் குளிரும் நலமா? போனில் சொன்னால் அம்மா இடையில் பறித்துக் கதைப்பா. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

சனிக்கிழமை சுபோதினி மாமியையும் (கலியாணத்துக்கு இன்னும் ஓம் சொல்லாதவரை மாமி என்பது என் முற்பணம்) அவவின் தாய் தகப்பனையும் கட்டில், அடுப்பு வைத்த இந்த வேனில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள். வேனைப் பார்த்து அவர்கள் என்ன சொல்லுவார்கள் என்பதில் உங்கள் கலியாணம் தொங்குகிறது. நீங்கள் மலிவாகப் பிடித்து அனுப்பிய எல்.ஈ.டி. லைற் பட்டியும் கூரையோரத்தில் கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு கொழும்பு வெக்கைக்குப் பசை கழன்று, உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கழுத்தில் மாலையாக விழுந்தது. திரும்ப ஒட்டினால் பாதிதான் எரிந்தது, மூலையில் நான் மடித்த இடம் உள்ளே முறிந்திருந்தது, அதை வெட்டி, இரண்டு துண்டையும் இணைக்கும் கிளிப் போட்டேன், கிளிப்பை மறுபக்கமாகப் போட்டிருந்தேன், திருப்பிப் போட்டேன், முழுசாக எரிந்தது, அம்மா உடனே வேனுக்குப் பூசையும் செய்து முடித்தா. அதன் பிறகு பார்த்தால் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று ஓயாமல் அடிக்கிறது! ரிமோட்டில் வெள்ளைப் பொத்தானை அமத்தி அமத்தி அப்பாவின் பெருவிரல்தான் வெள்ளையானது. வயரைக் கழற்றினால் இருட்டு, மாட்டினால் திருவிழா.

"இதுக்குள்ள பொம்பிளை வீட்டுக்காரரை ஏத்தினா, மாப்பிள்ளை நோர்வேயில கலர் லைற் மினுக்கிற பிறைவேற் பஸ்ஸோ ஓடுறவர் எண்டெல்லே கேப்பினம்!" என்று அம்மா தலையில் கைவைத்தா.

பக்கத்து வீட்டு ராசிக் நானாவும் வந்துவிட்டார். "மகன், ஒங்கட வேனால லேனுக்குள்ள ஒரு ஆட்டோக்காரனும் வாரானில்ல. பொலிஸ் நிக்குதெண்டு வெளிய மெயின் ரோட்டிலயே எறக்கிட்டு ஓடுறான்."

ரிமோட்டைக் கைப்பேசிக் கமராவுக்கு நேரே பிடித்து அமத்தினேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அதன் வெளிச்சம் கைப்பேசித் திரையில் மினுங்கியது. அப்படியானால் ரிமோட் ஒழுங்காகக் கதைக்கிறது, லைற்றை ஆட்டிவைக்கும் சின்னப் பெட்டிக்குத்தான் கேட்கவில்லை. பெட்டியைத் தேடினால், ரிமோட்டைப் பார்க்கும் அதன் சின்னக் கறுத்தக் கண்ணை மூடி ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்!

"அம்மா, இதுக்கும் ஏன் பொட்டு வைச்சனீங்கள்?"

"சில்லுக்கு, ஸ்டியறிங்குக்கு, அடுப்புக்கு எல்லாம் வைச்சிட்டு அதை மட்டும் விட்டா, அது குறை நினைக்காதே?"

முதல் பயணம் போகுமுன் பொட்டை அழிக்கவும் கூடாதாம்.

"அழிக்கேல்லையம்மா. அரை அங்குலம் கீழ இறக்கிறன்."

"அப்ப சரி. கோணாமல் இறக்கு."

இறக்கினேன். இப்போது வேனுக்குள் அடக்கமான, மரியாதையான, குடும்ப வெள்ளை. வெள்ளிக்கிழமை பயப்படாமல் வந்திறங்குங்கள்.

அம்மா ஆசியும் அப்பா அன்பும் அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் பற்றரி தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் ஒளிமயமான மருமகன்,
தனஞ்சயன்

பிற்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். சற்று முன் சுபோதினி மாமி கொட்டாஞ்சேனையிலிருந்து தனியாக வேன் பார்க்க வந்தா. நான் பெருமையாக வெள்ளையைப் போட்டுக் காட்டினேன். "என்ன தனா, ஆசுப்பத்திரி வாட்டு மாதிரிக் கிடக்கு?" என்று ரிமோட்டைப் பறித்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்தி, சிவப்பு நீலம் வந்ததும் கைதட்டினா. அம்மா வாசலில் வாய்திறந்தபடி நிற்கிறா. "உம்மட மாமாட்ட ஓம் எண்டு சொல்லும். ஆள் சரியான வெள்ளை வெளிச்சக்காரர் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் யோசிச்சனான்" என்கிறா.

ஆகவே மாமா, பிளேனில் நித்திரை கொள்ளாமல் ஆடப் பழகிக்கொண்டு வாருங்கள்.