அனுமதிக்கப்பட்ட புகை

பொதுமக்கள் நலன், சுற்றுலா வளர்ச்சி, அந்நியச் செலாவணி ஆகிய மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மேம்படுத்தும் உயரிய நோக்கத்தோடு, பாரம்பரியக் குட்டி ரயில் வாரியம் 'ரயில் ஆர்வலர் தினம்' கொண்டாடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. வாரியத்துக்கு ரயில் ஒன்றுதான். அதற்குத் தலைவர், துணைத் தலைவர், ஆலோசகர்கள், அவர்களுடைய குடும்பத்தார் என்று பெரிய கூட்டமே உண்டு. எல்லோரும் ஏறி உட்கார்ந்தால் வேறு ஓர் ஆள் ஏற முடியாது. ஆகவே ஆர்வலர்கள் கீழே நின்று பார்த்தால் போதும் என்பதும் அதே கூட்டத்தில் முடிவாயிற்று.

இந்த ரயில் ஓடுவது கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் நடுவே, ஆலங்கண்டிகை என்கிற ஊரில். வெள்ளைக்காரன் உப்பு ஏற்றப் போட்ட குட்டித் தண்டவாளம். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் இரும்பு உருக்கும் தொழிற்சாலை. ரயில் ஊரின் இந்தக் கோடியில் புறப்பட்டு அந்தக் கோடி வரை போகும். திரும்புவதற்கு இடமில்லாததால் அப்படியே பின்பக்கமாக வரும். அவசர வேலை உள்ளவர்கள் ரயிலுக்கு முன்னால் நடந்து போய்விடுவார்கள்.

வாரியத்தின் சிறப்பு அலுவலர் எழிலரசன். கால்நடைத் துறையிலிருந்து கடனாக வந்தவர். தினமும் செவ்வாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் வேறு ரயில் மாறி, இரண்டிலும் தொங்கிக்கொண்டு வருகிறவர். ரயில் மேல் ஒரு மனிதனுக்கு ஆர்வம் வரும் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. ஆனாலும் உத்தரவு வந்துவிட்டதால் நம்பினார்.

முதலில் ஆர்வலர் என்றால் யார் என்று வரையறுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வெறுமனே வேடிக்கை பார்க்கிறவர்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள். 'இன்னாருக்கு ரயிலில் மெய்யான ஆர்வம் உண்டு' என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்றார் எழிலரசன். ஆர்வத்துக்கு ஆதாரமாக ரயில் அருகில் நிற்கும் போட்டோ கொடுத்தால் சான்றிதழ் தருகிறேன் என்றார் கிராம நிர்வாக அலுவலர். சான்றிதழ் இல்லாதவரை ரயில் அருகில் விடக்கூடாது என்றது வாரியம். அந்தச் சிக்கல் இன்றுவரை தீரவில்லை. சட்டப்படி பார்த்தால் இந்த நாட்டில் ரயில் ஆர்வலர் ஒருவரும் இல்லை.

சட்டத்துக்குத் தெரியாமல் இருந்த ஆர்வலர்களின் தலைவி கல்பனா. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. 'நீராவி நண்பர்கள்' என்ற சங்கம் வைத்திருந்தார். ஊதும் சத்தத்தைக் கேட்டே எந்த ஊர் இன்ஜின் என்று சொல்லிவிடுவார். ஆலங்கண்டிகைக்குக் காரில்தான் வந்தார், ரயிலில் கூட்டமாக இருக்குமாம். ஏற்பாடுகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புகை எவ்வளவு சார் வரும்?"

"புகையா?"

"ஸ்டீம் இன்ஜின் சார். கருப்பா, கெட்டியா, சுருண்டு சுருண்டு வரணும். புகை இல்லாத இன்ஜினைப் பார்க்க நாங்க ஏன் இவ்வளவு தூரம் வரணும்? மியூசியத்துக்குப் போயிடுவோமே."

எழிலரசன் உடனே சுற்றுப்புறத் தூய்மை அலுவலகத்துக்கு எழுதி, புகைவிட அனுமதி கேட்டார். பதில் வந்தது. மேற்படி பகுதியில் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் புகை இருப்பதால் புதிய புகைக்கு இடமில்லை என்றும், இருக்கிற புகை குறைந்தால் மேற்கொண்டு புகைவிடுவது குறித்துக் கனிவுடன் பரிசீலிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

ஆகவே நீராவி இன்ஜினில் நெருப்பு வைப்பதில்லை, ஒரு டீசல் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும் என்று ஏற்பாடாயிற்று. டீசல் விடும் புகை பாரம்பரியம் இல்லையாம், அதனால் அதற்கு அனுமதி தேவைப்படவில்லை.

அந்த 'ஏற்கெனவே இருக்கிற புகை' யாருடையது என்று ஆலங்கண்டிகையில் பால்குடிக்கிற பிள்ளையும் சொல்லும். இரும்புத் தொழிற்சாலையின் புகைபோக்கியிலிருந்து வருவது. அது தண்டவாளத்தைத் தாண்டி நேராக இறங்கும் இடம் மணியம்மாளின் கழனி. சம்பா நெல் பூப்பிடிக்கிற நேரத்தில் கரித்தூள் விழுந்தால் பாதி பதராகிவிடும். மீதி கருத்துப்போகும். கருத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். நாலு வருடமாக மணியம்மாள் மனு கொடுத்தாள். ஏறாத படியில்லை, பார்க்காத அதிகாரியில்லை. கடைசியில் தூய்மை அலுவலகமே ஓர் உத்தரவு போட்டது: வரும் முதல் தேதியிலிருந்து, வடிகட்டி மாட்டும்வரை, புகைபோக்கியை மூடிவைக்க வேண்டும். இந்தப் போகம் தப்பித்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை வாங்க முடியும் என்ற நிலையில் இருந்தவள், உத்தரவை வாங்கிக்கொண்டு நேராகக் கழனிக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

நிற்க. விழாவுக்கு முன்னேற்பாடாகக் கல்பனா இன்ஜினை ஒரு படம் எடுத்து வாரியத்தின் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, இவ்வளவு அழகாகப் புகைவிட ஏற்பாடு செய்தமைக்கு எழிலரசனுக்குப் பாராட்டு. இன்னொன்று, அனுமதியின்றிப் புகைவிட்டது ஏன் என்று இன்ஜின் டிரைவர் துலுக்காணத்திடம் விளக்கம் கேட்டது. எழிலரசன் பாராட்டைப் பையில் வைத்துக்கொண்டு துலுக்காணத்தைக் கூப்பிட்டார்.

"நெருப்பு வைக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"யாரு சார் வெச்சது? இன்ஜின் உள்ள பூனை குட்டி போட்டுக்கீது. நெருப்பு வைக்க நான் இன்னா கொலைகாரனா?"

"அப்போ இந்தப் படத்துல புகை எப்படி வந்துச்சு?"

"அது பின்னாடி கம்பெனி புகை சார். அந்தம்மா நேரா நின்னு புட்ச்சிருக்காங்கோ. நம்ம இன்ஜின் வுடற மாதிரி தெரியுது."

எழிலரசன் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். கால்நடைத் துறையில் இருபது வருடத்தில் வராத ஞானம் அவருக்கு அன்று வந்தது. இன்ஜினைப் படத்தில் இருக்கும் அதே வளைவில் நிறுத்த வேண்டும். ஆர்வலர்கள் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். கோட்டைத் தாண்டாதவரை எல்லோருக்கும் புகை தெரியும். புகை தொழிற்சாலையைச் சேர்ந்தது, காட்சி வாரியத்தைச் சேர்ந்தது என்று கோப்பில் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். துலுக்காணத்தின் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. பூனைக்கு மட்டும் காலி செய்யச் சொல்லி ஓர் ஆணை போயிற்று.

ஒரே ஒரு இடைஞ்சல். விழா வருவதற்கு முன் முதல் தேதி வந்துவிடும். புகைபோக்கியை மூடிவிட்டால் ரயில் என்ன ஆவது? எழிலரசன் தூய்மை அலுவலகத்துக்கு மறுபடியும் எழுதினார். மேற்படி புகை நெடுங்காலமாக இடைவிடாமல் வந்துகொண்டிருப்பதால் அது பாரம்பரியத் தன்மை பெற்றுவிட்டது என்றும், அதை நிறுத்துவது வரலாற்றுக்கு இழைக்கும் கேடு என்றும் வாதாடினார். தூய்மை அலுவலகம் ஒப்புக்கொண்டது. மூடும் உத்தரவை நிறுத்திவைத்ததோடு, விழாக் காலத்தில் புகையின் அடர்த்தி குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி தொழிற்சாலைக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மேனேஜர் அன்புசெல்வன் நல்ல மனிதர். வடிகட்டியை வரவழைத்து, பெட்டிகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்தக் கடிதத்தை அவர் மூன்று முறை படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

விஷயம் தெரிந்ததும் மணியம்மாள் வாரிய அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"இன்னா சார் இது? மூடறோம்னு எழுதிக் குட்த்தாங்கோ. நெல்லு பூவுல நிக்குது. இப்ப கரி வுழுந்தா அம்புட்டும் பதரு."

"ஒரு நாள் விழாம்மா. கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"விழா ஒரு நாளு. பொகை மாசம் பூரா வருதே."

"ஒத்திகை பார்க்க வேண்டாமா?"

"என் பயிரு பூட்டா யாரு சார் பொறுப்பு?"

எழிலரசன் மிகுந்த மரியாதையுடன் கேட்டார். "நீங்க ஆர்வலராம்மா?"

"இன்னாது?"

"இப்போ ஆர்வலர் குறை கேட்கிற நேரம். சான்றிதழ் இருந்தா உங்க மனுவை வாங்கிக்கலாம்."

எழுதும்போதே எனக்கு வயிறு பற்றி எரிகிறது. ஆனால் எழிலரசன் கெட்டவர் இல்லை. அவளுக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். மனுவைத் தவிர அவளிடமிருந்த எல்லாவற்றையும் கனிவோடு கவனித்தார்.

விழா சிறப்பாக நடந்தது. வாரியத்தார் மாலையும் கழுத்துமாக ரயிலில் நிரம்பி வழிந்தார்கள். ஊதுகிற சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். தொழிற்சாலை அன்று மனசாரப் புகைவிட்டது. சுண்ணாம்புக் கோட்டில் நின்ற ஆர்வலர்கள், இது அசல் நிலக்கரி வாசனை என்று கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, இருமிக்கொண்டே கை தட்டினார்கள். கல்பனா எடுத்த வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒரு இதயமும் போட்டிருப்பீர்கள். இத்தகைய வரவேற்பைக் கண்ட வாரியம் ஆர்வலர் தினத்தை மாதாந்திரமாக்கியது. மூடும் உத்தரவும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தப்பட்டது.

மணியம்மாளின் நெல் பாதி பதராயிற்று, மீதி கருத்துப்போயிற்று. கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, நிறம் மாறிய நெல் வாங்க விதியில்லை என்று திருப்பியனுப்பினார்கள். அவள் மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நேராகக் குட்டி ரயில் நிலையத்துக்கு வந்தாள். அத்தனையையும் எழிலரசனின் வாசலில் கொட்டிவிட்டுப் போவதாக உத்தேசம். அன்று மாதாந்திர ஆர்வலர் தினம். முதல் மூட்டையை அவிழ்த்தபோது கல்பனா ஓடிவந்து ஒரு நெல்லை எடுத்து, நகத்தால் உமியை உரித்துப் பார்த்தார். உள்ளே அரிசியும் சாம்பல் பூத்துக் கருத்திருந்தது.

"ஆன்ட்டி, இது பாரம்பரிய அரிசியா?"

நாலு வருடம் ஊரெல்லாம் உண்மையைச் சொல்லிப் பார்த்தவள் மணியம்மாள். கல்பனாவின் முகத்தைப் பார்த்தாள், டிராக்டரைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள்.

பொழுது சாய்வதற்குள் டிராக்டர் காலியாகிவிட்டது. கொள்முதல் நிலையம் வெள்ளை நெல்லுக்குக் கொடுப்பதைப்போல் பல மடங்கு கொடுத்து, பேரமும் பேசாமல் ஆர்வலர்கள் வாங்கிப்போனார்கள். சென்னையில் அதற்கு 'நீராவி நெல்' என்று பெயர் வைத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்யும், மூட்டுவலியைப் போக்கும் என்று வீடியோ போட்டார்கள். வாரியம் பச்சைக்கொடி காட்டி ஒரு விற்பனைக் கூடம் திறந்தது. அடுத்த போகத்தில் ஊரே நீராவி நெல் விளைவித்தது. மேற்குப் பக்கத்துக் கழனிக்காரர்கள் மட்டும் வருத்தத்தில் இருந்தார்கள். புகை தங்கள் பக்கம் வருவதேயில்லை, இது பாரபட்சம் என்று ஆட்சியரிடம் மனு கொடுத்தார்கள்.

இந்த நிலையில்தான் அன்புசெல்வன் ஒரு தப்பு செய்தார். வெளிநாட்டில் இரும்பு வாங்குகிறவர்கள் புகையைப் பற்றிக் கேள்வி கேட்டதால், பெட்டியைப் பிரித்து வடிகட்டியை மாட்டிவிட்டார். காலையில் புகைபோக்கியிலிருந்து இட்லிப் பானை ஆவி மாதிரி வெள்ளையாக ஏதோ வந்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தொழிற்சாலை வாசலில் ஊர் கூடிவிட்டது. ஒரு பக்கம் எழிலரசன், ஒரு பக்கம் கேமராவோடு கல்பனா, நடுவில் மணியம்மாள்.

"நாலு வருஷமா இதைத்தானம்மா கேட்டீங்க?" என்றார் அன்புசெல்வன் திகைத்துப்போய்.

"கேட்டேன் சார். கேட்டப்போ நீங்கோ செய்யல. இப்ப பயிரு பூவுல நிக்குது. பொகை நின்னா நெல்லு வெளுத்துப் பூடும். வெள்ள நெல்ல யாரு வாங்குவாங்கோ?"

"அந்த அரிசியை நீங்க சாப்பிடுறீங்களா?"

"எங்க ஊட்ல ரேஷன் அரிசிதான் சார். அது ஆர்வலருங்களுக்கு."

கல்பனா இதையும் பதிவு செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் அந்த ஓரிடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வெளியிட்டார்.

எழுத்தில் உத்தரவு இல்லாமல் வடிகட்டியைக் கழற்ற மாட்டேன் என்று அன்புசெல்வன் கடைசிவரை போராடிப் பார்த்தார். மணியம்மாள் அங்கேயே ஒரு மனு எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள், ஊரே கையெழுத்துப் போட்டது. புகையை மூடச் சொன்ன மனு நாலு வருடம் அலைந்தது. புகையைத் திறக்கச் சொன்ன மனுவுக்கு அன்று மாலையே தூய்மை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்து, வடிகட்டி மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று. புகைபோக்கி ஒருமுறை குமுறிவிட்டுக் கரேலென்று கக்க ஆரம்பித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

மக்கள் குறையை ஒரே நாளில் தீர்த்துவிட்ட பெருமிதத்தில் எழிலரசன், "திருப்திதானம்மா?" என்று கேட்டார்.

மணியம்மாள் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள்.

"பொகை நல்லாத்தான் வருது சார். கொஞ்சம் எங்க கயினி பக்கமா திருப்பி வுட முடியுமா?"

எழிலரசன் தலையாட்டினார். அதற்கென்று ஒரு குழு அமைத்தாயிற்று.