மச்சினனுக்காக வெட்டிய குளம்

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. நாலாம் வகுப்பில் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய வாத்தியார் இன்றைக்கு எதிரே வந்தாலும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். அன்றைக்கு இறங்கியவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. வாத்தியாரையே விடாதவன் மச்சினனை விடுவேனா?

மச்சினன் என்றால் என் சம்சாரத்தின் தம்பி. பஸ் கண்டக்டர். முன்படியில் நிற்பவனுக்கும் பின்படியில் தொங்குபவனுக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற வாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஆற்றில் தூண்டில் போடப் போனோம். அவன் ஏழு மீன் பிடித்தான். நான் ஒரு செருப்பு பிடித்தேன். அதுவும் என் செருப்பு.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல சாப்பாட்டின் நடுவில், அந்தச் செருப்பை மறுபடியும் எடுத்தான்.

“மாமா, உங்க தூண்டில்ல மீன் மாட்டணும்னா, மீனுக்கே உங்க மேல இரக்கம் வந்தாத்தான் உண்டு.”

சம்சாரம் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

“விடுடா,” என்றாள். “குனிஞ்சு ஒரு குழி தோண்டக்கூட உங்க மாமாவால ஆகாது. மீனாம் மீன்!”

“யாரால ஆகாது?”

“உங்களாலதாங்க.”

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். எச்சில் கையோடு சபதம் போட்டேன். “கொல்லையில குளம் வெட்டுறேன். மீன் வளக்குறேன். உன் கண்ணு முன்னால ஒரே ஒரு மீனாவது தூண்டில் போட்டுப் புடிக்கிறேன். புடிக்கலைன்னா, நீ என்ன சொன்னாலும் சாகிற வரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்!”

“கேட்டுக்கக்கா,” என்றான் அவன்.

“கேட்டுக்கிட்டேன்,” என்றாள் அவள்.

இங்கே கொல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நாற்பது வருஷம் லாரி மெக்கானிக். ஓய்வு பெற்றபோது என்னோடு இரண்டு ரேடியேட்டர், மூன்று கியர் பாக்ஸ், ஒரு லாரிக் கதவு எல்லாம் கொல்லைக்கு ஓய்வெடுக்க வந்தன. என்றைக்காவது உதவும். “அந்த இரும்பை எடுங்க, நாலு தக்காளிச் செடி வைக்கணும்” என்று பதினோரு வருஷம் கேட்டாள். பதினோரு வருஷமும் முடியாது என்றேன். வீட்டில் நான் ஜெயித்துக்கொண்டிருந்த ஒரே சண்டை அது.

“குளம் வெட்ட இடம் ஏதுங்க? உங்க இரும்பு கிடக்குதே. தூக்கவா முடியும் உங்களால?”

மூன்றே நாளில் ஓர் ஆணி விடாமல் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றினேன்.

பிறகு தோண்டினேன். இடுப்பளவு ஆழம், நாலு கட்டில் போடுகிற அகலம்.

“மண்ணை எங்கடி கொட்டுறது?”

“கண்ட இடத்துல கொட்டினா என் தம்பி சிரிப்பான். மதில் ஓரமா, நீள நீளமா, வரிசையாக் கொட்டுங்க. நடுவுல ஒரு ஆள் நடக்க வழி விடுங்க.”

ஆறு வரிசை. கயிறு பிடித்தது போல. அதன் மேல் ஏதோ செடி நட்டாள். கேட்டதற்கு, “கரை சரியாம இருக்கத்தாங்க” என்றாள். என் பக்கம் வந்துவிட்டாள் என்று மனசு குளிர்ந்தது.

குழியில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பினேன். மீன் பண்ணைக்காரர் பிளாஸ்டிக் பையில் நாற்பது கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து விட்டார். “பெரியவரே, ரெண்டு வேளையும் தீனி போடணும். ஒரே நேரம், ஒரே கை. அப்பத்தான் பழகும்.”

அதற்குள் என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மல்லாக்கப் படுத்தபடியே கேட்டுக்கொண்டேன். “நான் போடுறேங்க” என்றாள் சம்சாரம். அன்று முதல் காலையும் மாலையும் தட்டில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்கும்.

எட்டு மாதம். முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினனைக் கூப்பிட்டேன். அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நான் கொழுத்த மண்புழுவாகப் பார்த்துக் கோத்துத் தூண்டிலை வீசினேன்.

ஒரு மீன் வந்தது. புழுவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. போய்விட்டது.

இரண்டு மணி நேரம். தக்கை அசையவில்லை.

“மாமா, புழு தூங்கிடுச்சு போல.”

“வாயை மூடு. மீனுக்குச் சத்தம் ஆகாது.”

“அப்படியாங்க?” என்று சம்சாரம் தட்டோடு வந்தாள். டங், டங், டங். நாற்பது மீனும் அவள் காலடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

“ஏண்டி, காலையில தீனி போட்டியா?”

“போடாம? உங்க சபதத்துக்கு அதுங்க ஏன் பட்டினி கிடக்கணும்? விருந்தாளி வர்ற நாளாச்சேன்னு ரெண்டு பங்காப் போட்டேன். வயிறு நிறைஞ்சாலும் நான் கூப்பிட்டா வந்துடுவாங்க.”

மச்சினன் நாற்காலியோடு சாய்ந்து விழுந்து சிரித்தான். சபதப்படி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

“அக்கா, போன வருஷம் நீ சொல்லிக்குடுத்தபடியே சொன்னேன். ஒரு பை தக்காளி குடு.”

“ரெண்டாவே எடுத்துக்கடா. மெதுவாப் பேசு.”

எட்டிப் பார்த்தேன். தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காதவனுக்கு இப்போதுதான் கொல்லை கண்ணில் பட்டது. இரும்பு இல்லாத கொல்லை. மீன் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஆறு வரிசை. எல்லாம் பழுத்துத் தொங்கின. பதினோரு வருஷச் சண்டை அங்கே சிவப்பாகக் காய்த்திருந்தது.

“அடுத்தது என்னக்கா?”

“சமையல்கட்டுக் கூரை ஒழுகுதுடா. நாலு வருஷமாச் சொல்றேன். ஏணியப் பாத்தாலே மாமாவுக்குக் கால் நடுங்கும்னு சொல்லு.”

சிரித்துக்கொண்டேன். சூழ்ச்சி முழுவதும் தெரிந்துவிட்டது. இனி என்னை யாராலும் ஏமாற்ற முடியாது. மச்சினன் தக்காளியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். பதில் பேசத்தான் எனக்கு வழியில்லையே.

என் கால் நடுங்கவில்லை என்பதை மட்டும், இந்தக் கூரை மேல் உட்கார்ந்தபடி, எழுதி வைக்கிறேன்.