தாழங்காட்டில் டியூப் லைட்

"பெண்கள் கருத்து" என்ற இடத்தில் நம்பிராஜன் "சம்மதம்" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பிய அறிக்கை, சிவப்பு மையில் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. எந்தப் பெண்கள், யார் போய்க் கேட்டது, எல்லாத் தெருவும் இதில் உண்டா என்று மேலதிகாரி கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் சரியாக வராவிட்டால் ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றும் அடியில் எழுதியிருந்தார்.

ஓவர்சியர் நம்பிராஜன் அந்த அடி வரியை இரண்டு தரம் படித்தான். மனைவி உலகம்மாளுக்கு ஏழாம் மாதம். அவள் அம்மா வீடு பக்கத்தில் கீழப்பாவூரில் இருக்கிறது. பிரசவம் வரைக்குமாவது தென்காசியில் ஓட்டிவிட வேண்டும் என்று அவன் கும்பிடாத சாமி இல்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. சீசனுக்குக் குற்றாலம் வருகிற கூட்டத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று, தாழைக்குளம் கிராமத்து ஓடைக்கரையில் ஒரு பம்ப் ஹவுஸ் கட்ட சர்க்கார் முடிவு செய்திருந்தது. கட்டுமுன் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு, பெண்களுக்கும் பல சமூகத்தாருக்கும் என்ன கஷ்டம் என்று கேட்டு எழுத வேண்டும் என்பது டெல்லியில் எந்தப் புண்ணியவானுக்கோ வந்த யோசனை. மரம், மீன், கொக்கு எல்லாவற்றையும் நம்பிராஜன் எழுதிவிட்டான். மீன்கள் அவனுக்கு ஒரு சிரமமும் தரவில்லை.

அவன் குடியிருந்ததும் அந்தத் தாழைக்குளத்தில்தான். வாடகை குறைவு, கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும். வீட்டில் இல்லாத வசதி ஆபீஸில் இருந்தது. விடிந்ததும் சைக்கிளை மிதித்துத் தென்காசிக்குப் போய்விடுவான். ஆபீஸ் கக்கூஸ் சாவி அவன் பொறுப்பு. அரைஞாண் கயிற்றை விட்டாலும் அதை விடமாட்டான்.

முதலில் தண்டோரா போட்டுக் கூட்டம் கூட்டினான். பெண்கள் கருத்தைச் சொல்ல ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஓடைக்கரைத் தாழங்காடு சும்மா கிடக்கிற இடம், ஈ காக்கை அண்டாது, தாராளமாக வெட்டுங்கள் என்றார் பஞ்சாயத்துத் தலைவர் தளவாய். வீட்டுக்காரியின் கருத்து என்ன என்று கேட்டதற்கு, "அதைத்தானவே இப்ப நான் சொன்னேன்" என்றார்.

இது உதவாது என்று, அடுத்த முறை பெண்களை மட்டும் வரச்சொன்னான். மூன்று தெருப் பெண்களும் வந்தார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் ஒரே பேச்சாக, "அங்கன வேண்டாம்" என்றார்கள். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்த்தார்கள். அவன் மறுபடி கேட்டான். அவர்கள் மறுபடி தரையைப் பார்த்தார்கள். கடைசியில் மாரித்தாய் என்பவள், கொஞ்சம் தைரியசாலி, வாயைத் திறந்தாள்.

"பொம்பளையா யாராவது வந்து கேட்டா சொல்லுதோம் சார்."

பொம்பளைக்கு எங்கே போக? ஆபீஸில் இருந்த ஒரே பெண் சுவர்க் காலண்டரில் இருந்த லட்சுமிதான். மேலதிகாரியிடம் பெண் ஊழியர் ஒருவரைக் கேட்டுப் போன் செய்தான். உமக்குப் பெண்களிடம் பேசத் தெரியாவிட்டால் கல்யாணம் எப்படிய்யா செய்தீர் என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அன்று சாப்பாட்டில் கையை வைத்தபடி வெறித்துக்கொண்டிருந்தான். உலகம்மாள் மெள்ளக் கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தாழங்காட்டு விசயம். நான் வேணும்னா..."

"நீ சும்மா கெட. மாசமா இருக்கவளுக்கு ஆபீஸ் சமாச்சாரம் எதுக்கு?" என்று அவன் பிரியமாகத்தான் சொன்னான். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆபீஸ் பியூன் தாணு வழி சொன்னான். பொம்பளைகள் ஒரு இடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் அங்கே சாமி இருக்கிறது என்று அர்த்தமாம். நம்பிராஜன் இதைத் தளவாயிடம் போய்க் கேட்டுவைத்தான். கேட்டதுதான் தாமதம், தன் பாட்டனார் கனவில் இசக்கியம்மன் தாழம்பூ சூடி வந்ததாக அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கிறிஸ்தவத் தெரு ஏசுதாசனுக்கு அது எப்படிப் பொறுக்கும்? அங்கே பழைய சிலுவை ஒன்று உண்டு என்றார். முஸ்லிம் தெரு ஒலி முகம்மது நிதானமான மனிதர். அவுலியா ஒருவர், பெரிய மகான், அங்கே அடக்கமாகி இருக்கக்கூடும் என்று மட்டும் சொன்னார்.

நம்பிராஜனுக்கு உயிர் வந்தது. மூன்று தெருப் பெண்களும் பக்தியோடு காத்துவரும் புனித இடம், கைவைத்தால் மனம் புண்படும் என்று எழுதி அனுப்பினான். மேலதிகாரி பூரித்துப்போனார். பம்ப் ஹவுஸை மேற்கே தள்ளிக் கட்ட உத்தரவாயிற்று, மாற்றலும் ரத்தாயிற்று. பெண்களின் கருத்தைக் கேட்பது எப்படி என்று மற்ற ஓவர்சியர்களுக்கு நம்பிராஜன் வகுப்பு எடுக்க வேண்டும் என்றுகூடப் பேச்சு வந்தது.

ஆனால் சாமி இருக்கிற சேதி வெளியே வந்தபின் ஊர் சும்மா இருக்குமா? இசக்கியம்மனைத் தேடித் தளவாய் ஆட்கள் கிழக்கிலிருந்து வெட்டினார்கள். சிலுவையைத் தேடி ஏசுதாசன் ஆட்கள் மேற்கிலிருந்து வெட்டினார்கள். ஒலி முகம்மது ஆட்கள் வடக்கில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நம்பிராஜன் இங்கும் அங்கும் ஓடி, வேண்டாம் அண்ணாச்சி, மெள்ள அண்ணாச்சி என்று கும்பிட்டுப் பார்த்தான். யார் கேட்கிறார்கள்? ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. ஓடைக்கரை மட்டும் மொட்டையாகிவிட்டது. சண்டை வந்துவிடக்கூடாதே என்ற பயத்தில், மூன்று தெருவுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அவனே மின்சார ஆபீஸில் சொல்லி வரிசையாக டியூப் லைட் போட வைத்தான்.

சாயங்காலம் விளக்கு எரிந்தபோது ஆண்கள் கை தட்டினார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். மாரித்தாய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்தியைக் கண்டு நம்பிராஜனுக்கே மெய்சிலிர்த்தது.

தென்காசிக்கு மிதித்துப் போய்க் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உலகம்மாள் வீங்கிய காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். இனி மாற்றல் இல்லை, பிரசவம் வரைக்கும் கவலை இல்லை, பொம்பளைகள் சொன்னதைக் கேட்டு ஒரு திட்டத்தையே நகர்த்திவிட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னான். அவள் அல்வாவைத் தொடவில்லை.

"அந்த லைட்டு எம்புட்டு நேரம் எரியும்?"

"விடிய விடிய எரியும். இனி அந்தப் பக்கம் பயமே கிடையாது."

உலகம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெள்ள எழுந்து, அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"நான், மாரித்தாய், இந்த ஊர்ப் பொம்பளைய அத்தனை பேரும் விடியுமுன்ன மறைவா ஒதுங்குறதுக்கு அந்தத் தாழங்காடு ஒண்ணுதாங்க இருந்துச்சு; உங்க ஆபீஸ் கக்கூஸ் சாவியக் குடுங்க."