கிருபாவதிக்கு ஹிண்ட் வேண்டாம்

மோதிரம் மவுஸுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது மவுஸ் இருக்கிறது, மோதிரத்தைக் காணோம்.

கிருபாவதி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒயர் இருந்தது, தூசி இருந்தது, மகன் ஸ்டீவன் பள்ளிக்கூட நாளில் தொலைத்துவிட்டு அடி வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸின் மூடிகூட இருந்தது. தேடுகிற மோதிரம் மட்டும் இல்லை.

"சின்னச்சாமி, இங்கன ஒரு மோதிரம் கெடந்துச்சே, பாத்தியா?"

கடையின் மறுகோடியில் ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்த சின்னச்சாமி நிமிர்ந்தார்.

"என்ன மோதிரம்க்கா?"

"மருமகளுக்கு வாங்குன மோதிரம்."

"இன்னும் மருமகளே வரலையேக்கா."

"அதான் இன்னைக்கு வரப்போறாள்ல! அதுக்குள்ள தேடணும்."

விஷயம் இதுதான். போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் பொன்னுராஜ், கிருபாவதி தம்பதிக்கு ஸ்டீவன் ஒரே பிள்ளை. மதுரையில் நல்ல வேலை, நல்ல சம்பளம், ஆனால் பெண்களைப் பார்த்தால் வாய் திறக்காத சுபாவம். பாஸ்டரம்மா ஒரு தேனிக் குடும்பத்தைப் பேசி முடித்திருந்தார். பெண்ணின் அப்பா பழைய ஆள். 'பொண்ணு போட்டோ போன் போனா போறதெல்லாம் ஆகாது. நாங்களே அவளக் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வர்றோம், பாத்துக்கட்டும்' என்று சொல்லிவிட்டார். பிடித்துப்போனால் இன்றைக்கே பெண் கையில் மோதிரம் போட்டுவிடுவது என்று ஏற்பாடு.

"சாயங்காலம் அவுக வர்றதுக்குள்ள காய் ஏலத்த முடிச்சுட்டு ஓடி வந்துர்றேன். கடையப் பாத்துக்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் அந்த வெளையாட்டத் தொடாத தாயே," என்று பொன்னுராஜ் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை கிருபாவதி தொடவில்லை.

பில் போட வாங்கிய கம்ப்யூட்டர் அது. அதில் பில் போட்ட நேரத்தைவிடக் கிருபாவதி பொருள் தேடிய நேரம்தான் அதிகம். திரையில் ஒரு பாழடைந்த மாளிகை வரும். உள்ளே தட்டுமுட்டுச் சாமான் குவிந்த ஓர் அறை. ஓரத்தில் ஒரு பட்டியல்: குடை, பூட்டு, மீன், வயலின். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொடுக்க வேண்டும். மதிய நேரத்தில் வியாபாரம் மந்தமாக இருக்கிறதே என்று ஆரம்பித்த பழக்கம். இப்போது அந்த விளையாட்டுகளைப் பற்றி அவளுக்குக் கறாரான கருத்துகள் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்தையும் முடித்ததும் கீழே விமரிசனம் எழுதாமல் விடமாட்டாள்.

'மஞ்சள் சுவரில் வாழைப்பழத்தையும் மஞ்சளாக வரைந்துவிட்டுத் தேடச் சொல்வது புதிர் அல்ல, கலப்படம்' என்று ஓர் ஆட்டத்துக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள். பட்டியலில் 'பேட்' என்று போட்டால் அது வவ்வாலா, கிரிக்கெட் மட்டையா என்று சொல்ல வேண்டாமா? குழாய்களைத் திருப்பித் திருப்பி இணைக்கும் புதிர் வந்தால், 'நான் எதுக்கு பிளம்பர் வேலை பாக்கணும்?' என்று தாண்டிவிடுவாள். பேய்கள் வளவளவென்று பேசுவது பிடிக்காது. வீட்டுச் சாவியை உறைந்த மீனின் வாய்க்குள் வைத்துவிட்டுச் செத்துப்போகிற பிரபுக்கள்மேல் அவளுக்குத் துளியும் மரியாதை கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலான கொள்கை ஒன்று இருந்தது. திரையின் மூலையில் 'ஹிண்ட்' என்று ஒரு பல்ப் எரியும். அதைத் தொட்டால் தேடுகிற பொருளே மினுமினுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கிருபாவதி அதைத் தொட்டதே இல்லை.

"கர்த்தர் கண்ணு குடுத்தது எதுக்கு?" என்பாள்.

அந்தக் கண்ணோடுதான் இப்போது மேசை இழுப்பறையை உருவித் தரையில் கவிழ்த்தாள். ரப்பர் பேண்டு, செத்த பேனா, சாம்பிராணி அட்டை. மோதிரம் இல்லை.

"கடைசியா என்ன செஞ்சீக, யோசிங்கக்கா," என்றார் சின்னச்சாமி.

"சுண்டுவிரல்ல மாட்டி அழகு பாத்தேன். அப்புறம் ஒரு யாவாரி வந்தாரு. சாம்பிள் கேட்டாரு. மூட்டைக்குள்ள கைய விட்டு..." கிருபாவதியின் முகம் பிரகாசமாயிற்று. "மூட்டைக்குள்ளதான் விழுந்திருக்கு!"

"அக்கா, அது எட்டு எம்எம் பெரிய காய். காலையில இருந்து சலிச்சு வச்சிருக்கேன்."

"மெதுவாத்தான் கொட்டப்போறேன்."

மூட்டை மெதுவாகக் கொட்டச் சம்மதிக்கவில்லை. வாய் அவிழ்ந்ததும் பச்சை வெள்ளமாகச் சரிந்து, பக்கத்தில் குவித்திருந்த பொடிக்காயோடு போய்க் கலந்தது. பெரிய காய் எது, சின்னக் காய் எது என்று ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் பொன்னுராஜே வந்தாலும் சொல்ல முடியாது.

சின்னச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஃபேனப் போடுவோம்," என்றாள் கிருபாவதி. "லேசானதெல்லாம் பறந்துட்டா கனமான மோதிரம் தனியா நிக்கும்."

ஃபேன் போட்டார்கள். சருகு பறந்தது, தோல் பறந்தது, மேசைமேல் இருந்த ரசீதுகள் பறந்தன. காய்கள் உருண்டு வாசற்படிவரை போயின. சின்னச்சாமியின் மீசை பச்சையாயிற்று. மோதிரம் எங்கும் தனியாக நிற்கவில்லை.

"போதும்க்கா. அண்ணன் வந்து பாத்தாகன்னா என்னையப் போட்டுச் சலிச்சுருவாக."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஐம்பது தாண்டிய ஒருவர், அவர் மனைவி, பின்னால் சுடிதார் போட்ட ஓர் இளம்பெண். பளிச்சென்ற முகம். மூவரும் கடையின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார்கள்.

கிருபாவதி ஓடிப்போய் ஃபேனை அணைத்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டாகளே! சின்னச்சாமி, பின்பக்கமா ஓடு. ஸ்டீவன காப்பி போடச் சொல்லிட்டு, அல்வாவும் மிச்சரும் வாங்கிட்டு வா. நல்லதா!"

முந்தானையை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பொன்னுராஜ் கடைதானம்மா இது?" என்றார் வந்தவர்.

"ஆமாண்ணே, வாங்க, வாங்க! தேனியில இருந்து அதுக்குள்ள வந்துட்டீகளே!"

அவர் ஆச்சரியப்பட்டார். "தேனின்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"எங் கண்ணுக்குத் தப்புமாண்ணே?"

மூவரும் சிரித்தார்கள். 'முதல் அடியே நல்ல அடி' என்று நினைத்துக்கொண்ட கிருபாவதி நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"விசாரிச்சுட்டுத்தான் வந்தோம்," என்றார் அவர். "போடியில நம்பி ஒரு எடத்துக்குப் போகணும்னா இங்கனதான்னு சொன்னாக."

கிருபாவதிக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா ஒண்ணும்மா. எவ்வளவுன்னு மொதல்லயே பேசிட்டா, பின்னால மனத்தாங்கல் வராது பாருங்க."

கிருபாவதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அந்தப் பேச்சே வேணாண்ணே. உங்ககிட்ட நாங்க ஒரு பைசா வாங்க மாட்டோம்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு பைசா வேணாமா?" என்றாள் அந்த அம்மாள், நம்பாமல்.

"எங்களுக்கு மனசுதான் முக்கியம், மதினி."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசியா!" அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்குள் அழைத்துப்போகத்தான் வேண்டும். ஆனால் வீடு கடைக்குப் பின்னால். நடுவில் ஏலக்காய் மலை.

"என்ன ஆன்ட்டி, எல்லாம் கீழ கெடக்கு?" என்று கேட்டாள் பெண்.

"அதுவா தாயி... அப்பப்ப காத்தாட விடுறது."

காற்றாட விட்ட காயின்மேல் கால் வைத்த பெண்ணின் அப்பா சறுக்கி, கல்லாப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தியின் காலை ஒடித்துவிட்டுக் கல்யாணம் பேச முடியுமா? இனிமேல் மறைக்க முடியாது. கிருபாவதி உண்மையைக் கொட்டிவிட்டாள்.

"தப்பா நெனைக்காதீக. ஒரு மோதிரத்தத் தொலைச்சுட்டேன். தங்க மோதிரம். எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாக. நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆயிப்போச்சு." கண் கலங்கிவிட்டது.

"அட, இதுக்குப் போய் அழுவாகளா?" அந்த அம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு கை சேந்து தேடுனா கெடைக்காமயா போயிரும்?"

பெண்ணும் உட்கார்ந்தாள். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கிருபாவதிக்கு மெய் சிலிர்த்தது. காப்பிகூடக் குடிக்காமல் தரையில் உட்கார்ந்து தேடுகிற சம்பந்தி யாருக்கு வாய்க்கும்? அந்த அம்மாள் தேடியதோடு நிற்கவில்லை. பெரிய காயை ஒரு பக்கம், சின்னக் காயை ஒரு பக்கம் ஒதுக்கினாள். நடுவில் ஒன்றை உரித்து வாயில் போட்டு, "அருமையான காய்," என்று கணவரிடம் தலையாட்டினாள். தொழில் தெரிந்த குடும்பம்!

ஸ்டீவன் காப்பித் தட்டோடு வந்தான். கீழே பார்க்காமல் பெண்ணைப் பார்த்துக்கொண்டே வந்ததுதான் தப்பு. ஏலக்காய் அவன் காலை வாரியது. தட்டு ஒரு பக்கம், தம்ளர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அந்த அம்மாள் பிரித்து வைத்த பெரிய காயெல்லாம் காப்பியில் குளித்தது.

"ஏலே, ஒரு காப்பி கொண்டார வக்கில்லையா?" என்று கிருபாவதி பல்லைக் கடித்தாள்.

பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "காப்பியில ஏலக்காய் போடுவாக. நீங்க ஏலக்காயில காப்பி போடுறீகளே!"

"அது... புது ரெசிப்பிங்க," என்றான் ஸ்டீவன், தரையில் உட்கார்ந்தபடி.

கிருபாவதி திகைத்துப்போனாள். பிள்ளை வாயைத் திறந்து ஒரு பெண்ணிடம் பேசிவிட்டான்! அதுவும் வேடிக்கையாக! இருவரும் துண்டை வைத்துக் காயைத் துடைக்க ஆரம்பித்தார்கள். துடைக்கிற வேகத்தைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் முடிகிற மாதிரி தெரியவில்லை. மதுரையில் எங்கே வேலை என்று அவள் கேட்டாள், அவன் சொன்னான். நீங்க என்ன படிச்சிருக்கீங்க என்று அவன் கேட்டான், அவள் சொன்னாள்.

தண்ணீர் எடுக்க எழுந்த பெண் திரையைப் பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்களும் இந்த கேம் ஆடுவீகளா? நானும் ஆடுவேன்!"

கிருபாவதி மோதிரத்தையே மறந்தாள். "நெசமாவா? இந்தச் சமையக்கட்டுல முட்டை எங்கன இருக்குன்னு பாத்தியா? வெள்ளைத் தட்டுல வெள்ளையா வரைஞ்சு வச்சிருக்கான், படுபாவி."

"எனக்கு அம்புட்டுப் பொறுமை கெடையாது ஆன்ட்டி. ஹிண்ட்ட அமுக்கிருவேன்."

கிருபாவதியின் முகம் ஒரு கணம் சுருங்கிற்று. "ஹிண்ட் அமுக்குனா அது தேடுறது இல்ல தாயி, போற வர்றவுககிட்ட விசாரிக்கிறது."

"விசாரிச்சா என்ன தப்பு ஆன்ட்டி? சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம்ல?"

போகட்டும், சின்னப் பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு திருத்திக்கொள்ளலாம். மருமகளும் மாமியாரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து முட்டை தேடுகிற காட்சி கிருபாவதியின் மனத்தில் இனித்தது.

"ஆன்ட்டி, இது என்னது?"

மேசை ஓரத்தில் ரசீது குத்தி வைக்கிற கம்பி நின்றது. ஃபேன் காற்றிலும் பறக்காமல் அதில் ஒரு கட்டு ரசீது குத்தியிருந்தது. பெண் அந்தக் கட்டை மேலே தூக்கினாள். கம்பியின் அடியில், சமர்த்தாக, மோதிரம்.

அப்போதுதான் கிருபாவதிக்கு ஞாபகம் வந்தது. சாம்பிள் எடுக்க மூட்டைக்குள் கைவிடும்போது விழுந்துவிடக் கூடாதே என்று அவளேதான் கம்பியில் போட்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்று மேலே ரசீதையும் குத்தினாள்.

"கண்ணா இது! வைரம்!" கிருபாவதி பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஸ்டீவனைப் பார்த்தாள். அவன் ஈரத் துண்டோடு, காதுவரை சிரித்துக்கொண்டு நின்றான். இதற்குமேல் என்ன கேட்க வேண்டியிருக்கிறது? கணவர் வந்தபின் செய்யலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கை பொறுக்கவில்லை. பெண்ணின் கையைப் பிடித்து, மோதிரத்தை விரலில் போட்டுவிட்டாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

"ஸ்தோத்திரம்! எம் மருமக கையாலயே கெடைச்சு, எம் மருமக கைக்கே போயிருச்சு!"

பெண் மோதிரத்தைப் பார்த்தாள், பிறகு ஸ்டீவனைப் பார்த்தாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் வாய்க்குப் போன ஏலக்காய் பாதி வழியில் நின்றது. அப்பா மோதிரத்தையும் ஸ்டீவனையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பையன் தங்கமான பையனாத்தான் தெரியுறாரு, எங்களுக்கும் ஒரு கொறையும் இல்ல... ஆனா தங்கச்சி, நாங்க அரைக்கிலோ ஏலக்காய் வாங்கத்தான் வந்தோம்."