குழாயில் வெண்டைக்காய்

காரைக்குடியில் 'வெண்டைக்காய்' அண்ணனைப் போல ஒரு துணிச்சல்காரரும் கிடையாது, அவரோடு வேலை பார்த்த என்னைப் போல நடுங்கியவனும் கிடையாது. பழைய செட்டிநாட்டு வீடொன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். நான் அங்கே மேனேஜர். பம்பு, குழாய், ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு.

மண்டிக் குழம்பு வைக்க வெண்டைக்காய் நறுக்கும் நேரம் பார்த்து சமையற்கட்டில் ஆஜராகிவிடுவார். பாதிக் காயைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தக் கொழகொழப்பை வேட்டித் துணியில் வடிகட்டி, வாளியில் தூக்கிக்கொண்டு போவார். சமையல்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"எதுக்குண்ணே இது?" என்று கேட்டேன்.

"குழாய்க்குள்ள தண்ணி நேராப் போறதில்லய்யா, சுழிச்சுச் சுழிச்சு மல்லுக்கட்டுது. இதக் கொஞ்சம் விட்டா சுழிப்பு அடங்கிரும். அதே மோட்டாருதான், தண்ணி கூட ஓடும். ஏன் இப்படி முழிக்கிறீக?"

முதலில் முற்றத்து நீரூற்றில் விட்டார். அதுவரை முழங்கால் உயரத்துக்கு முக்கிக்கொண்டிருந்தது, அன்றைக்கு ஆளுயரம் எழும்பி, காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதியைக் குளிப்பாட்டிவிட்டது. அவர்கள் கைதட்டினார்கள். நான் துண்டு எடுக்க ஓடினேன். இந்த மனிதர் பச்சைத் தண்ணீரோடு நிற்கமாட்டார், ஒருநாள் சுடுதண்ணீரில் கை வைப்பார், யாராவது வெந்துபோவார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்படியே ஆயிற்று. ஒரு கல்யாணத்தன்று மத்தியானம் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து ஜெனரேட்டர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"என்ஜினக் குளுர வைக்கிற தண்ணியிலயும் விட்டுட்டேன். மீட்டரப் பாருங்க, ஓட்டம் எப்படி எகிறுதுன்னு!"

ஓட்டம் எகிறியது வாஸ்தவம். பக்கத்தில் சூடு காட்டும் முள்ளும் எகிறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, சூடு ஏன் ஏறுது?"

பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தில் பயத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்யா. அந்தச் சுழிப்புத்தான் குழாய்ச் செவுத்துல இருந்து சூட்ட அள்ளிட்டுப் போகும். அதையில்ல அடக்கிப்புட்டேன்! தண்ணி வேகமாத்தான் ஓடுது, சூட்ட எடுக்காம ஓடுது."

என்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வரும் ரப்பர்க் குழாய் புடைக்க ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"அங்குட்டுப் போங்கய்யா!" என்று என்னை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார். என்ஜினை நிறுத்தும் கைப்பிடி அந்தக் குழாய்க்கு அடியில்தான் இருந்தது. உள்ளே 'புஸ்' என்று ஒரு சீறல். என்ஜின் நின்றது. அவர் குரலையே காணோம். "அண்ணே! அண்ணே!" என்று கதவை உடைக்காத குறையாக இடித்தேன். என் ஆயுளில் அப்படி நான் பயந்ததில்லை.

கதவு திறந்தது. ஆவிக்கு நடுவே நின்றார். வலது கை முழங்கை வரை வெந்து சிவந்திருந்தது.

"உங்க மேல படலையே?" என்றார்.

சாயங்காலம் முதலாளி ஆச்சி வந்து விசாரித்தார். "யாரு செஞ்ச தப்பு இது? உள்ளதச் சொல்லுங்க."

இந்த மனிதரை வேலையைவிட்டு அனுப்ப இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. கட்டுப்போட்ட கையோடு அவர் தலைகுனிந்து நின்றார்.

"ரப்பர்க் குழாய் பழசு ஆச்சி," என்றேன். "நாந்தான் மாத்தாம விட்டுட்டேன்."